முப்பத்திரண்டாரும் வெள்ளி இரவும்

உலகத்தில் பிழையான திகதி என்று ஒன்று கிடையவே கிடையாது என்று முழுமனதோடு நம்பிய ஒரே ஒரு மனிதர்தான் இதுவரை பிறந்திருக்கிறார். அவரோடு ஒரே அறையில் ஆறு வருடம் வேலை செய்தவள் நான். அந்த ஆறு வருடத்துக்கும் எனக்கு ஒரு பதக்கமாவது தந்திருக்க வேண்டும். ஒரு மின்விசிறிகூடத் தரவில்லை.

மட்டக்களப்பில், வாவிக் காற்று ஜன்னலால் புகுந்து மேசையில் இருக்கிற கடதாசிகளை அள்ளிக்கொண்டு போகும் ஓர் அரசாங்கக் கந்தோர் அது. எந்தத் திணைக்களம் என்று சொல்ல மாட்டேன். ஓய்வூதியம் இன்னும் ஒழுங்காக வருகிறது, நானே வாயைக் கொடுத்து அதைக் கெடுப்பானேன்? எந்த வருடம் என்றும் கேட்காதீர்கள். அறுபதுகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் அங்கே தமிழ்த் தட்டச்சுக்காரி. எல்லோருக்கும் ‘டைப்பிஸ்ட் தங்கச்சி’. எனக்கு எதிர் மேசையில் அவர்.

அவருடைய வேலை இலேசானது. வருகிற விண்ணப்பம், முறைப்பாடு, மன்றாட்டம் எல்லாவற்றிலும் உள்ள திகதிகளைக் கண்டுபிடித்து, வாழையிலை அகலத்தில் இருக்கும் ஒரு பதிவேட்டில் ஒரே மாதிரி எழுத வேண்டும். முதலில் வருடம், பிறகு மாதம், பிறகு நாள். எழுதி முடிந்ததும் மூலக் கடிதத்தைக் கட்டி அலுமாரிக்குள் போட்டுவிடுவார்கள். அதற்குப் பிறகு அந்தக் கடிதத்தை மனிதர் கண் பார்க்காது. கந்தோர் முழுக்க அவர் பதிவேட்டில் என்ன எழுதினாரோ அதை வைத்துத்தான் நடக்கும்.

ஒருநாள் வாவிக்கரை மீனவர் ஒருவரிடமிருந்து ஒரு மன்றாட்டம் வந்தது. அதில் ‘யூன் 31ஆந் திகதி எனது தோணி காணாமற் போனது’ என்று இருந்தது. யூனுக்கு முப்பது நாள்தானே, கடிதத்தைத் திருப்பி அனுப்புவோம் என்றார் பெரிய கிளாக்கர். எதிர் மேசைக்காரருக்குக் கோபம் வந்துவிட்டது.

“வாற கடதாசியைத் திருப்பி அனுப்பவா கவுண்மேந்து எனக்குக் கதிரை தந்திரிக்கி? யூன் முப்பதோட நிரம்பிப் போகுது. முப்பத்தொண்டு எண்டா ஒரு நாள் வழிஞ்சிட்டு. வழிஞ்சதைப் பக்கத்துச் சட்டியில ஏந்த வேண்டியதுதானே!”

பதிவேட்டில் யூலை முதலாந் திகதி என்று எழுதினார். தோணி ஒரு நாள் கழித்துக் காணாமற் போனது.

அதற்குப் பிறகு எங்களுக்குக் கை சும்மா இருக்குமா? லீவுக் கடிதம் ஒன்றில் ‘ஜனவரி 32’ என்று எழுதி அவருடைய தட்டில் செருகினோம். கண் இமைக்காமல் பெப்ரவரி முதலாந் திகதி என்று பதிந்தார். அடுத்த கிழமை ‘ஜனவரி 60’ என்று எழுதிப் பார்த்தோம். பேனையை வைத்துவிட்டு விரல்விட்டு எண்ணினார். “இந்த வருசம் பெப்ரவரிக்கு எத்தின நாள் தங்கச்சி?” என்று என்னிடம் கேட்டார். இருபத்தெட்டு என்றேன். மார்ச் முதலாந் திகதி என்று பதிந்துவிட்டுத் தேத்தண்ணி குடித்தார். அன்றிலிருந்து அவர் பெயர் முப்பத்திரண்டார். சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது.

என் அக்கா மகன் ஒருவன் கணினிக்கு நிரல் எழுதுகிறவன். அண்மையில் தொலைபேசியில் அழாக்குறையாகப் பேசினான். “சின்னம்மா, யூன் முப்பத்தொண்டு எண்டு குடுத்தா இந்த மெசின் பிழை எண்டு சொல்ல வேணுமே! ஒரு சத்தமும் போடாம யூலை ஒண்டு எண்டு எழுதி வெச்சிருக்கு. ரெண்டு நாளாத் தேடுறன்.” நான் சிரித்த சிரிப்பில் அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. அந்த மெசினோடு நான் ஆறு வருடம் வேலை செய்தேன், அது கறுப்புக் கோட்டுப் போட்டிருக்கும் என்று சொன்னேன். அவன் என் வயதைக் கணக்கில் எடுத்து, மெதுவாகப் பேச்சை மாற்றினான்.

முப்பத்திரண்டார் கறுப்புக் கோட்டுப் போட்டுத்தான் வருவார். அந்தப் புழுக்கத்திலும் கழற்ற மாட்டார். மேசையில் மூன்று மைக்கூடுகள். நீலம் பதிவதற்கு, கறுப்பு கையொப்பத்துக்கு, சிவப்பு திருத்தத்துக்கு. சிவப்புக் கூட்டின் மூடி திறந்ததை யாரும் பார்த்ததில்லை. “முப்பது வருசம், ஒரு திருத்தமில்ல” என்பதைக் கும்பிடப் போகிறவர் மாதிரிச் சொல்லுவார். வாவிக் காற்றுக்குக் கடதாசி பறக்கிறது என்று பாசிக்குடாவிலிருந்து பவளக்கற்களைப் பொறுக்கிக்கொண்டு வந்து எங்கள் எல்லோருடைய மேசையிலும் ஆளுக்கொன்று வைத்ததும் அவர்தான். அந்த மாதிரி நல்ல காரியங்களைச் செய்துவிட்டு, நன்றி சொன்னால் முறைப்பார்.

திகதியில் பாதி இல்லாவிட்டால் மீதியைத் தானே போட்டுக்கொள்வார். நாள் தெரியாவிட்டால் முதலாந் திகதி. மாதமும் தெரியாவிட்டால் ஜனவரி. படுவான்கரைப் பக்கத்துச் சனங்கள் பலருக்குப் பிறந்த வருடம் மட்டும்தான் நினைவிருக்கும். அதனால் எங்கள் பதிவேட்டின்படி அந்தப் பக்கத்துச் சனத்தில் பாதிப் பேர் ஜனவரி முதலாந் திகதி பிறந்தவர்கள். கொழும்பிலிருந்து பரிசோதனைக்கு வந்த துரை ஒருவர் பக்கம் பக்கமாகப் புரட்டிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“இந்த டிஸ்ட்ரிக்டில் பெண்கள் ஜனவரி முதலாந் திகதி மட்டும்தான் பிள்ளை பெறுகிறார்களா?”

பெரிய கிளாக்கர் சளைக்கவில்லை. “ஓம் சேர். அதுக்குப் பொறகு வேளாண்மை வெட்டு வந்திரும். ஆருக்கும் நேரமில்ல.”

இதையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டது கிரான் சம்பவம். வருடத்தை இரண்டு இலக்கத்தில் எழுதினால் என்ன செய்வது என்பதற்கு முப்பத்திரண்டாரிடம் ஒரு விதி இருந்தது. ஐம்பதுக்கு மேலே போனால் அது போன நூற்றாண்டு. அவர் வேலைக்குச் சேர்ந்த நாற்பதுக்கு முந்திய காலத்தில் அது அருமையான விதிதான். அறுபத்தொன்று என்று ஒருவர் எழுதினால் அவர் கிழவராகத்தான் இருக்க வேண்டும். காலம் ஐம்பதைத் தாண்டி அறுபதையும் தாண்டிப் போனது. விதி போகவில்லை.

அந்த நேரம் பார்த்து, நூறு வயதைக் கடந்த முதியவர்களைத் தேடிப் பிடித்துக் கௌரவிக்க வேண்டும் என்று மேலிடத்துக்கு ஓர் ஆசை வந்தது. பதிவேட்டைப் புரட்டினார்கள். கிரானில் ஒரு பெரியவர் அகப்பட்டார். பிறந்தது 1861. பெரிய கிளாக்கர் சந்தன மாலை, ஒரு பெட்டி இனிப்பு, வெள்ளிப் பூண் போட்ட கைத்தடி சகிதம் ஜீப்பில் புறப்பட்டார். கடைசி இரண்டு கட்டைத் தூரத்துக்கு ஜீப் போகவில்லை. வயல்வட்டை நடுவே வரம்பில் சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்திருக்கிறார். வாசலில் ஒரு பெண் நெல் புடைத்துக்கொண்டிருந்தாள். பெயரைச் சொல்லிக் கேட்டதும், புழுதியில் குந்தியிருந்த நாலு வயதுப் பையனைக் காட்டினாள்.

“இவன்தான் ஐயா.”

“பேரனை இல்ல புள்ள, பெரியவரைக் கூப்பிடு.”

“இந்த ஊட்டில இவனுக்கு மேல ஒரு பெரியவர் இல்ல ஐயா. இவன் வெச்சதுதான் இஞ்ச சட்டம்.”

பையனுக்கு அரிசிக் கூப்பன் புத்தகம் கேட்டுத் தகப்பன் எழுதிய கடிதத்தில் ‘பிறந்தது 61’ என்று இருந்திருக்கிறது. கொண்டு போன மாலையைத் திரும்பக் கொண்டுவருவது அபசகுனம் என்று அந்தப் பெண் சொன்னதால் அதைப் பையனுக்கே போட்டுவிட்டார். கைத்தடியையும் அவன் விடவில்லை. பெரிய கிளாக்கர் வரம்பால் திரும்பும்போது அவன் அந்தக் கைத்தடியால் நாயைத் துரத்திக்கொண்டு பின்னால் ஓடிவந்தானாம்.

மறுநாள் கந்தோரில் பெரிய கிளாக்கர் தொண்டை கிழியக் கத்தினார். “ஒரு வார்த்த ஆரிட்டயாவது கேட்டிரிக்கலாமே! ஒரு தபாலட்டை போட்டிரிக்கலாமே!”

முப்பத்திரண்டார் நீல மைக்கூட்டை மூடினார். “கேக்கிற வேல என்ட மேசையில இல்ல. கடதாசி என்ன சொல்லுதோ அதத்தான் நான் எழுதுவன்.”

அதுதான் அவருடைய வேதம். முப்பது வருடத்தில் ஒரு விண்ணப்பக்காரரைக்கூட அவர் கேள்வி கேட்டதில்லை. கேட்டால் தனக்குத் தெரியாது என்று ஆகிவிடுமாம். இவ்வளவையும் சிரித்துக்கொண்டேதான் சொல்லி வந்தேன். ஹாஜறாவின் விஷயத்தில் நாங்கள் ஒருவரும் சிரிக்கவில்லை.

ஹாஜறா காத்தான்குடிப் பெண். தகப்பன் கைத்தறியில் சாரம் நெய்கிறவர். ஆசிரியப் பயிற்சிக் கலாசாலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று அறிந்து விண்ணப்பித்திருந்தாள். எங்கள் பகுதி விண்ணப்பங்களைச் சரிபார்த்துக் கொழும்புக்குப் பட்டியல் அனுப்புவது எங்கள் கந்தோரின் வேலை. பரீட்சைப் பெறுபேறெல்லாம் அவளுக்கு முதல் தரம். ஒரே ஒரு நிபந்தனைதான் பாக்கி. அந்த வருடம் யூலை 31ஆந் திகதியன்று பதினெட்டு வயது பூர்த்தியாகியிருக்க வேண்டும். அவளுடைய பிறப்பை யாரும் பதியவில்லை. ஆகவே தகப்பன் தன் கைப்படக் கடிதம் கொடுத்திருந்தார். ‘எனது மகள் நோன்பு மாதம் பதினாலாம் பிறை, வெள்ளி இரவு பிறந்தவர்.’

முப்பத்திரண்டார் மேசைக்குக் கீழே இருந்த பழைய கலண்டர் கட்டை அவிழ்த்து, பதினெட்டு வருடத்துக்கு முந்திய நோன்பு மாதத்தைத் தேடிப் பிடித்தார். அந்தப் பிறைக்குப் பொருந்துகிற வெள்ளிக்கிழமை ஓகஸ்ட் முதலாந் திகதி. அப்படியே பதிந்தார். பதினெட்டு வயதுக்கு ஒரு நாள் குறைவு.

‘வயது ஒரு நாள் குறைவதால் தங்கள் விண்ணப்பம் நிராகரிக்கப்படுகின்றது’ என்று அடித்தவள் நான்தான். இப்போது நினைத்தாலும் எனக்குக் கை கூசுகிறது. காத்தான்குடியில் வெள்ளி இரவு என்றால் எது என்பது அங்கே துணி எடுக்கப் போன எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் கடிதம் அலுமாரிக்குள் போய்விட்டது. என் மேசைக்கு வந்தது பதிவேட்டிலிருந்த எண்கள் மட்டும்தான்.

பட்டியல் அனுப்புகிற கடைசி நாள். தபால் பை நாலு மணிக்குக் கட்டப்படும். காலை பத்து மணிபோலத் தகப்பனும் மகளும் வந்து நின்றார்கள். தகப்பன் தொப்பியைச் சரிசெய்துகொண்டு ஒதுங்கி நின்றார். என் கடிதம் மகளின் கையில் இருந்தது.

“ஐயா, நான் ஓகஸ்ட் ஒண்டாந் திகதி பொறக்கல்ல” என்றாள்.

முப்பத்திரண்டார் பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். “பார் புள்ள. வாப்பா வெள்ளி இரவு எண்டு எழுதித் தந்திரிக்கார். வெள்ளிக்கிழமை ஓகஸ்ட் ஒண்டு.”

தகப்பனுக்கு அப்போதுதான் விளங்கியது. “அல்லாவே! ஐயா, எங்களுக்கு நாள் துவங்கிறது பொழுதுபட்டாப் பொறகுதானே. மஹ்ரிபுப் பாங்கு சொன்னா அடுத்த நாள். வெள்ளி ராவு எண்டா வெள்ளிக்கு முந்தின ராவு. வியாழக்கிழமை பொழுதுபட்டுப் பொறந்த புள்ள இது.”

“அப்ப ஏன் காக்கா வியாழக்கிழமை எண்டு எழுதல்ல?” என்று தகப்பனைக் கேட்டார் பெரிய கிளாக்கர்.

“வியாழக்கிழமை பாங்கோட முடிஞ்சிட்டே ஐயா! முடிஞ்ச நாளை எப்பிடி எழுதுற?”

வியாழக்கிழமை என்றால் யூலை 31. அவளுக்கு வயது சரியாகக் காணும்.

“அடுத்த வருசம் போடலாம்தானே மகள்” என்றார் பெரிய கிளாக்கர் சமாதானமாக. தகப்பன் தலையைக் குனிந்துகொண்டார். மகள்தான் பதில் சொன்னாள். “அடுத்த வருசம் எனக்குக் கலியாணம் ஐயா. மாப்பிள்ள ஊட்டாக்கள் வந்து பேசிட்டாங்க. இந்த வருசம் எடுபட்டாப் படிக்க விடுறண்டு வாப்பா அவங்களுக்கிட்டச் சொல்லி வெச்சிரிக்காரு. எடுபடல்லெண்டா அவ்வளவுதான்.” பிறகு முப்பத்திரண்டாரைப் பார்த்துச் சொன்னாள். “நீங்க வாப்பாக்கிட்ட ஒரு வார்த்த கேட்டிரிக்கலாமே ஐயா.”

பெரிய கிளாக்கர் கத்தியபோது அவர் அசையவில்லை. இந்தப் பெண் கத்தவுமில்லை, அழவுமில்லை. ஆனால் அவர் எழுந்து, அலுமாரியைத் திறந்து பழைய கடிதக் கட்டு ஒன்றை அவிழ்த்துப் புரட்டினார். வெள்ளி இரவு, திங்கள் இரவு, நோன்பு இருபத்தேழாம் இரவு. காத்தான்குடியிலிருந்தும் ஏறாவூரிலிருந்தும் வந்த இரவுகளையெல்லாம் எத்தனை வருடமாக ஒரு நாள் தள்ளி எழுதி வைத்திருக்கிறார் என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. கட்டைத் திரும்பக் கட்டினார்.

“திருத்திறதெண்டா ரெண்டு சாட்சி வேணும் காக்கா” என்றார். “வாங்க, போய்க் கேப்பம்.”

கேட்போம் என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்ததும் பெரிய கிளாக்கர் கதிரையைப் பிடித்துக்கொண்டார்.

முப்பத்திரண்டார் சைக்கிளில் தகப்பனைப் பின்னால் ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். சாட்சிக் கடதாசியும் மைத்தட்டுமாக நானும் ஹாஜறாவும் பஸ்ஸில் போனோம். கல்லடிப் பாலத்தில் எங்கள் பஸ் அவர்களைத் தாண்டியது. எதிர்காற்று. கறுப்புக் கோட்டு பின்னால் பறந்து தகப்பனின் முகத்தை மூடியிருந்தது. அவர் ஒரு கையால் தொப்பியையும் மறு கையால் கோட்டையும் பிடித்துக்கொண்டு, எதைப் பிடித்துச் சைக்கிளில் இருந்தார் என்பது எனக்கு இன்றைக்கும் விளங்காத விஷயம்.

ஹாஜறா பிறந்த ஒழுங்கையில் விஷயம் தெரிந்ததும் பத்துப் பேர் கூடிவிட்டார்கள். பத்துப் பேருக்கும் அந்த இரவு நேற்றுப்போல நினைவிருந்தது, ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு விதமாக. முப்பத்திரண்டார் கோட்டுப் பையிலிருந்து கொப்பியை எடுத்தார். வாழ்நாளில் கேள்வி கேட்டறியாதவர் கேட்கத் தொடங்கினார். தொடங்கியவருக்கு நிறுத்தத் தெரியவில்லை.

“அண்டைக்கு நோன்பு துறந்தாச்சா, துறக்கல்லயா?”

“துறந்தாச்சு” என்றார் பள்ளிவாசல் மோதினார். “நான்தான் பாங்கு சொன்ன. சொல்லி முடிச்சுப் பேரீச்சம்பழத்தை வாயில வெக்கிறன், இந்த ஊட்டிலரிந்து புள்ள கத்தின சத்தம் கேட்டிச்சு.”

“பழத்தை விழுங்கினதுக்கு முந்தியா, பிந்தியா?”

“அதெல்லாம் என்னத்துக்கு ஐயா?”

“சொல்லுங்க மோதினார். நான் முப்பது வருசம் கேக்காம விட்டதைக் கேக்கிறன்.”

பக்கத்து வீட்டு மாமி ஒருவர் முன்னால் வந்தார். பிரசவத்துக்கு வெந்நீர் கொண்டு போனவர். கஞ்சிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு ஓடினதாகவும், திரும்பி வரும்போது பூனை குடித்திருந்ததாகவும் சொன்னார். பூனை என்ன நிறம் என்று கேட்டார் முப்பத்திரண்டார். நான் அவருடைய கோட்டைப் பிடித்து இழுத்தேன். மணி இரண்டரை.

“கடைசிக் கேள்வி தங்கச்சி” என்று என்னிடம் சொல்லிவிட்டு மாமியைப் பார்த்தார். “அடுத்த நாள் விடிய என்ன செஞ்சீங்க?”

“அடுத்த நாள் ஜும்ஆ. ஆம்புளயள் எல்லாம் பள்ளிக்குப் போயிட்டாங்க, நான் தாயையும் புள்ளையையும் பாத்துக்கிட்டிரிந்தன்.”

அடுத்த நாள் வெள்ளிக்கிழமைத் தொழுகை. ஆகவே பிறந்தது வியாழன் அந்தி. மோதினார் கையொப்பமிட்டார், மாமி பெருவிரல் பதித்தார்.

கந்தோருக்குத் திரும்பும்போது மூன்றே கால் தாண்டிவிட்டது. முப்பத்திரண்டார் வேர்வை சொட்டச் சொட்டக் கதிரையில் இருந்து சிவப்பு மைக்கூட்டைத் திறக்கப் பார்த்தார். மூடி அசையவில்லை. கதவிடுக்கில் வைத்துத் திருகித் திறந்தோம். உள்ளே மை வற்றி, செங்கல்லுப்போல அடியில் ஒட்டிக்கிடந்தது. பெரிய கிளாக்கரின் மேசையில் ஆறிப்போயிருந்த தேத்தண்ணியை எடுத்து அதற்குள் ஊற்றி, பேனையின் அடிக்கட்டையால் கலக்கினார்.

பெரிய கிளாக்கர் அவருக்குப் பக்கத்தில் போய் மெதுவாகப் பேசினார். ஆனாலும் எனக்குக் கேட்டது. பெரிய கிளாக்கர் அந்த வருடக் கடைசியில் ஓய்வு பெறுகிறார். அடுத்த பெரிய கிளாக்கராக முப்பத்திரண்டாரைத்தான் சிபாரிசு செய்திருந்தார்கள். அந்தக் கடதாசி கொழும்பில் இருந்தது. திருத்தமில்லாத முப்பது வருடம் என்பதுதான் அந்தச் சிபாரிசின் முதல் வரி.

“யோசிச்சுச் செய்யுங்க. திருத்தம் ஒண்டு போட்டா மேலிடத்துக்கு அறிவிக்க வேணும். இந்த நேரத்தில உங்கட கடதாசியைத் தள்ளி வெச்சிருவாங்க.”

“அந்தப் புள்ளைட பிறந்த நாளையே நான் தள்ளி வெச்சிட்டன்” என்றார் முப்பத்திரண்டார். “என்ட கடதாசியை அவங்க எவ்வளவு நாள் தள்ளினாலும் எனக்குச் சொல்ல வாயில்ல.”

ஓகஸ்ட் 1 என்பதன் மேல் கோடு போட்டார். மை தேத்தண்ணி நிறத்தில் இருந்தது, ஆனாலும் சிவப்பு என்று ஒத்துக்கொள்ளலாம். பக்கத்தில் யூலை 31 என்று எழுதிக் கையொப்பமிட்டார். நான் பட்டியலைத் திரும்ப அடித்தேன். கடைசிப் பெயராக ஹாஜறாவின் பெயர். நாலு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது பையைக் கட்டினார்கள். அவளுடைய தகப்பன் வாசலில் நின்று இரண்டு கையையும் ஏந்தித் துஆச் செய்தார். முப்பத்திரண்டார் வழக்கம்போல முறைத்தார்.

ஹாஜறா எடுபட்டாள். அந்த வருடமே கலாசாலைக்குப் போனாள். இரண்டு வருடத்தில் ஆசிரியையாகத் திரும்பி வந்து, அதே மாப்பிள்ளையைக் கலியாணமும் முடித்தாள். அவள் கதை சுபம்.

முப்பத்திரண்டார் அந்த ஒரு கோட்டோடு நிற்கவில்லை. பழைய கடிதங்களில் இரவு என்று கண்ட இடமெல்லாம் குறித்துக்கொண்டு, சொந்தக் காசில் தபாலட்டை வாங்கி ஊர் ஊராக எழுதினார். ‘பாங்குக்கு முந்தியா, பிந்தியா? தயவுசெய்து அறியத் தரவும்.’ எங்கள் சைவச் சனங்களில் விடியப்புறம் பிறந்தவர்களுக்கும் எழுதினார், ஏனென்றால் எங்களில் பலர் சூரியன் உதிக்கும்வரை முந்திய நாள் என்றுதான் கணக்கு வைப்பார்கள். பதில்கள் வந்தபடி இருந்தன. தபால்காரர் எங்கள் கந்தோரைக் கண்டாலே சைக்கிளை மிதித்துப் போக முயன்றார். ஒரு மாதத்துக்குள் பதிவேட்டுப் பக்கங்கள் எல்லாம் சிவந்துவிட்டன.

கொழும்பிலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. முப்பது வருடம் ஒரு திருத்தமும் செய்யாத உத்தியோகத்தர் ஒரே மாதத்தில் இத்தனை திருத்தம் செய்ததன் காரணம் என்ன? விண்ணப்பக்காரர்கள் தெளிவில்லாமல் எழுதியதால் என்று பதில் போட்டால் விஷயம் முடிந்துவிடும் என்று பெரிய கிளாக்கர் சொல்லிக் கொடுத்தார். வசனத்தைக்கூட அவரே எழுதித் தந்தார். முப்பத்திரண்டார் அதை மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தார். நின்றுகொண்டே சொன்னார், நான் அடித்தேன்.

‘ஐயா, கடிதங்களில் பிழை இல்லை. எழுதியவர்கள் தங்கள் நாட்களைச் சரியாகவே எழுதியுள்ளனர். நான் அவர்களைக் கேட்கவில்லை.’

“அவ்வளவுதானா?” என்றேன்.

“அவ்வளவுதான் தங்கச்சி.”

பெரிய கிளாக்கர் பதவி வெளியூர்க்காரர் ஒருவருக்குப் போனது. முப்பத்திரண்டார் அதே மேசையில் இருந்து, வருகிற போகிற எல்லோரையும் கேள்வி கேட்டுக் கொன்று, அங்கேயே ஓய்வு பெற்றார். பிற்பாடு ஒரு மாரியில் காலமானார் என்று கேள்விப்பட்டேன். அந்தச் செய்தி எனக்குப் பிந்தித்தான் வந்தது, போக முடியவில்லை. அது இன்றைக்கும் மனதில் ஒரு குறை.

அந்த மூன்று வரிக் கடிதத்தை ஓர் எழுத்தும் பிழைக்கக் கூடாது என்று மூன்று தரம் அடித்தேன். மேல் பிரதி கொழும்புக்குப் போனது. கார்பன் பிரதி கோப்புக்குப் போயிருக்க வேண்டும். அரசாங்கச் சொத்து. போகவில்லை, என் கைப்பைக்குள் போனது. முப்பத்தைந்து வருட உத்தியோகத்தில் நான் களவெடுத்தது அது ஒன்றுதான். இப்போது தாள் பழுத்து, எழுத்துகள் பாதிக்கு மேல் அழிந்துவிட்டன. அழியட்டும், எனக்கு அது மனப்பாடம்.